ராத்திரி வாசிப்புக்கு எந்தக் கதைப் புத்தகம்?

கேள்வி: மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 20 நிமிடம் எல்லாரும் உட்கார்ந்து, ஒரு பெரிய கதையைத் தினம் ஓர் அத்தியாயமாக வாசிக்கலாம் என்று ‘பொன்னியின் செல்வ’னை எடுத்தோம். நான்காம் நாளே நின்றுவிட்டது. சின்னவன் தூங்கிவிடுகிறான். பெரியவள் “யாரும்மா இவங்கல்லாம்?” என்கிறாள். பிள்ளைகள் படிப்பது ஆங்கில வழியில். மாமியாருக்கும் கதை கேட்கப் பிடிக்கும். என்ன புத்தகம் எடுக்கலாம்? — கோவை வாசகி

நான்கு நாள் சேர்ந்து உட்கார்ந்தீர்களே, அதுவே நல்ல தொடக்கம். நின்றுபோனதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. கல்கி அந்த நாவலை 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக எழுதினார். ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் முதல் அத்தியாயம் எந்தக் குழந்தைக்கும் பிடிக்கும். ஆனால் நான்காவது அத்தியாயத்தில் கடம்பூர் மாளிகைக்குள் போவதற்குள் ஆழ்வார்க்கடியான், பழுவேட்டரையர், கந்தமாறன் என்று பெயர்கள் குவிந்துவிடுகின்றன. யார் யாருக்கு என்ன உறவு, யாருக்கு யார்மேல் கோபம் என்று தெரியாமல் கதை நகராது. உங்கள் மகளுக்கு 12, 13 வயது ஆகட்டும், அப்போது எடுங்கள். கல்கிதான் வேண்டும் என்றால் அதற்கு முன் ‘பார்த்திபன் கனவு’ இருக்கிறது. மூன்றே பாகம், ஆட்களும் குறைவு.

சரி, இப்போதைக்கு எதை எடுப்பது? பின்னட்டையில் போட்டிருக்கும் வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். தானே வாசித்துப் புரிந்துகொள்வதைவிடக் கடினமான கதையைக் குழந்தையால் கேட்டுப் புரிந்துகொள்ள முடியும். சத்தமாக வாசிப்பதைப் பற்றிப் பல ஆண்டுகள் பேசியும் எழுதியும் வந்த அமெரிக்கர் ஜிம் டிரெலீஸ், இந்த இரண்டு திறனும் ஏறக்குறைய எட்டாம் வகுப்பில்தான் சமமாகும் என்று சொல்லிவந்தார். அதனால் உங்கள் மகள் தமிழில் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள் என்றாலும், காதால் ஒரு முழு நாவலையே தாங்குவாள்.

ஆனால் தமிழில் வேறு ஒரு தடை இருக்கிறது. ஆங்கிலத்தில் வரும் புத்தகப் பட்டியல்கள் இதற்கு உதவாது. வீட்டில் குழந்தை கேட்பது “போனான்”, “சொன்னா”. புத்தகத்தில் இருப்பது “சென்றான்”, “கூறினாள்”. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்குப் புத்தகத் தமிழ் பாதி அந்நிய மொழி. அடுத்தது வாக்கிய அமைப்பு. நம் மொழியில் வினைமுற்று கடைசியில்தான் வரும். “வந்து, பார்த்து, திகைத்து, ஒரு கணம் யோசித்துவிட்டு” என்று நாலு வரி ஓடினால், கண்ணால் வாசிப்பவர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். கேட்டுக்கொண்டிருக்கும் 5 வயதுப் பையன் அத்தனையையும் மனதில் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவன் தூங்கிப்போனதில் ஆச்சரியமே இல்லை.

உரையாடலிலும் இதே கதைதான். பேச்சு முழுவதும் முடிந்த பிறகுதான் “என்றாள் பாட்டி” என்று வரும். அதற்குள் நீங்கள் அதைத் தாத்தா குரலில் வாசித்து முடித்திருப்பீர்கள். நான் குழந்தைகளுக்கு வாசிக்கத் தொடங்கிய காலத்தில் இதில் பலமுறை மாட்டியிருக்கிறேன். இப்போது மேற்கோள் குறியைப் பார்த்ததும் கண்ணை முன்னால் ஓட்டி, பேசுவது யார் என்று பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பேன். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

ஆகவே புத்தகத்தை வாங்கும் முன் மூன்று பக்கம் சத்தமாக வாசித்துப் பாருங்கள். முதல் பக்கம், நடுவில் ஏதாவது ஒன்று, உரையாடல் நிறைந்த ஒன்று. மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியம் முடிகிறதா? முதல் இரண்டு பக்கத்தில் எத்தனை புதுப் பெயர்? மூன்றுக்கு மேல் போனால் நான் தயங்குவேன். ஒரு பக்கத்துக்கு ஆகும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து, அத்தியாயம் 15 நிமிடத்துக்குள் முடியுமா என்று கணக்குப் போடுங்கள். மீதி 5 நிமிடம் பேசுவதற்கு. புத்தகக் கடையில் சத்தமாக வாசிக்கக் கூச்சமாக இருந்தால் மாவட்ட மைய நூலகத்தில் எடுத்து வந்து வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். நாட்டுடைமையான பழைய நூல்கள் பல ‘மதுரைத் திட்டம்’ இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

உங்கள் வீட்டுக்கு என் முதல் தேர்வு ‘டோட்டோ-சான்’. ஜப்பானியரான டெட்சுகோ குரோயனாகி தன் பள்ளி நாட்களை எழுதிய புத்தகம். தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது. அத்தியாயங்கள் மிகச் சிறியவை, ஒவ்வொன்றும் தனி நிகழ்ச்சி. முந்தைய இரவு தூங்கிப்போனவனும் மறுநாள் சேர்ந்துகொள்ளலாம். ரயில் பெட்டிகளையே வகுப்பறையாக வைத்த பள்ளி என்றதும் சின்னவன் எழுந்து உட்காருவான். தலைமையாசிரியர் அந்தச் சிறுமி பேசப் பேச நான்கு மணி நேரம் கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தைப் பெரியவள் மறக்க மாட்டாள். ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: இதில் ஒரு நண்பன் இறந்துபோகிறான், கடைசியில் போரில் பள்ளி எரிகிறது. அந்த அத்தியாயங்களைத் தூங்கும் நேரத்தில் வாசிக்காமல் ஞாயிற்றுக்கிழமைப் பகலுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவதாக கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’. பறவைகள்மேல் கொள்ளை ஆசை கொண்ட ஒரு கரிசல்காட்டுச் சிறுவனின் கதை. பேச்சுத்தமிழின் வாசம் அப்படியே இருப்பதால் நான் மேலே சொன்ன தடை இதில் பெரிதாக இல்லை. வட்டாரச் சொற்கள் வரும்போது நீங்கள் திணறலாம். அங்கே மாமியாரிடம் புத்தகத்தைக் கொடுத்துவிடுங்கள். அவர் இரண்டு பக்கம் வாசித்துவிட்டுத் தன் ஊர்ப் பறவைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தடுக்காதீர்கள், அன்றைய வாசிப்பு அதுதான்.

சாகசம் வேண்டும் என்று மகள் கேட்டால் ஜெயமோகனின் ‘பனிமனிதன்’. இமயமலையில் பனிமனிதனைத் தேடிப் போகும் கதை. இடையிடையே வரும் அறிவியல் தகவல்களை இரவில் தாண்டிவிடுங்கள், கதையின் வேகம் குறையக் கூடாது. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் சிறார் இலக்கிய விருதான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. குழந்தைகள்மேல் நடக்கும் பாலியல் அத்துமீறலைப் பற்றிக் குழந்தைகளிடமே பேசும் கதை. அவசியமான புத்தகம், ஆனால் அதை முதலில் நீங்கள் தனியாக வாசியுங்கள். அப்புறம் மகளோடு மட்டும் உட்கார்ந்து வாசியுங்கள்.

எந்தப் பழைய சிறார் நாவலை எடுத்தாலும் ஓர் அத்தியாயம் முன்னால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நிறத்தையோ, சாதியையோ, உடல் ஊனத்தையோ கேலி செய்யும் வரி திடீரென்று வரலாம். 9 வயதுப் பெண்ணிடம் வாசிப்பை நிறுத்தி “இது சரியா?” என்று கேட்கலாம். 5 வயதுப் பையன் அந்தக் கேலியை மறுநாள் பள்ளியில் சொல்லிவிடுவான். அவன் இருக்கும்போது அந்த வரியை விட்டுவிடுவேன்.

9 வயதுக்கும் 5 வயதுக்கும் நடுவில் ஒரு புத்தகத்தைத் தேடினால் இரண்டு பேருக்குமே அலுத்துவிடும். பெரியவளுக்கு ஏற்றதை எடுங்கள். சின்னவன் கையில் காகிதமும் கிரேயானும் கொடுத்து, கேட்டதை வரையச் சொல்லுங்கள். கை வேலையாக இருந்தாலும் காது கேட்டுக்கொண்டுதான் இருக்கும். பாதியில் தூங்கினால் தூங்கட்டும். மறுநாள் வாசிப்பதற்கு முன், நேற்று விட்டுப்போன கதையைத் தம்பிக்கு அக்காதான் சொல்ல வேண்டும் என்று வைத்துவிடுங்கள். “யாரும்மா இவங்கல்லாம்?” என்ற கேள்விக்கு அவளே பதில் கண்டுபிடித்துக்கொள்வாள்.

முதல் வாரம் உரையாடலை மட்டும் உங்கள் வீட்டுப் பேச்சுக்கு மாற்றி வாசியுங்கள், “கூறினாய்” வரும் இடத்தில் “சொன்னே” என்று. கதை சொல்லும் பகுதியைப் புத்தகத்தில் உள்ளபடியே விடுங்கள். பத்துப் பதினைந்து நாளில் அந்தத் தமிழ் பழகிவிடும், பிறகு மாற்ற வேண்டியதில்லை. ஐந்து இரவு ஆகியும் யாரும் “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்கவில்லை என்றால் புத்தகத்தை மூடிவிட்டு அடுத்ததை எடுங்கள்.