எங்கோ இருக்கிற ஒரு கால்பந்து அணிக்கு ஒருத்தர் ஆயுசுக்கும் ரசிகர் ஆவது எப்படி?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த விவரத்தையும் படித்தேன். உங்கள் தம்பி லண்டன் பக்கம் போனதில்லை, அந்த ஊர் மைதானத்தை நேரில் பார்த்ததில்லை, ஆனாலும் அந்த அணி தோற்ற ராத்திரி சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறான், ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு இது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருப்பூர், பிரிண்டிங் பட்டறையில் வேலை, சின்ன வயசிலிருந்தே லண்டன் அணியான ஆர்சனலின் ரசிகன். அதனால் உங்கள் தம்பி பக்கம் நின்றுதான் பதில் சொல்ல முடியும்.

நாலு அணியை ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்த ரசிகர் எவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. யாரோ ஒருத்தர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். எனக்குக் கொடுத்தவர் பெரியப்பா மகன். அண்ணன் கோவையில் இன்ஜினியரிங் படித்தபோது ஹாஸ்டலில் கூடத் தங்கியிருந்த பாலக்காட்டுப் பையன்களிடம் அவருக்கு இது தொற்றியது. அது 2003-04 சீசன். இங்கிலாந்து லீக்கில் ஆர்சனல் 38 ஆட்டம் ஆடி ஒன்றில்கூடத் தோற்கவில்லை. 26 வெற்றி, 12 டிரா. லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் ஆன்ரி, பெர்காம்ப், வியெரா, பிரேஸ் என்று ஆட்டக்காரர் பெயர்களை எனக்குப் பாடம் மாதிரி சொல்லிக்கொடுத்தார். மற்றவர்களுக்கு ஆன்ரி, அண்ணனுக்கு பிரேஸ். அதனால் எனக்கும் பிரேஸ்தான்.

கொடுத்தவுடன் ஒட்டிவிடாது. அதற்கு ஒரு வாரப் பழக்கம் வேண்டும், அதை எங்கள் ஊர் தானாகவே கொடுத்தது. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குச் சனிக்கிழமைதான் சம்பள நாள். இங்கிலாந்தில் சனிக்கிழமை மதியம் மூணு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு ராத்திரி ஏழரை. சம்பளக் கவரோடு டெய்லர், கட்டிங் மாஸ்டர், செக்கிங் ஆட்கள் எல்லாரும் வீதிக்கு வரும் நேரம் அது. எங்கள் வீதி முனையில் பாலக்காட்டுக்காரர் ஒருத்தரின் பேக்கரி. அலமாரிக்கு மேலே டிவி, டிவிக்குக் கீழே தேங்காய் பன் தட்டு. ஒரு டீயை வாங்கிக்கொண்டு தொண்ணூறு நிமிஷம் நிற்கலாம், யாரும் கிளம்பு என்று சொல்லமாட்டார்கள். அக்டோபர் கடைசியில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், அடுத்த சனிக்கிழமையிலிருந்து ஆட்டம் எட்டரைக்கு. மார்ச் கடைசியில் திரும்பவும் ஏழரை. இங்கிலாந்தின் குளிர்காலமும் கோடைகாலமும் எனக்கு அந்த பேக்கரியில்தான் தெரிந்தது.

வயசும் சரியாக அமைய வேண்டும். அமெரிக்காவில் சேத் ஸ்டீஃபன்ஸ்-டேவிடோவிட்ஸ் என்பவர் பேஸ்பால் அணிகளுக்கு ஃபேஸ்புக்கில் விழுந்த லைக்குகளை ரசிகர்களின் வயசோடு பொருத்திப் பார்த்து 2014-ல் எழுதினார். ஆண்களைப் பொறுத்தவரை, எட்டு வயசு வாக்கில் ஓர் அணி பட்டம் வென்றால் அந்த அணி கடைசிவரை கூடவே வருவதற்கு வாய்ப்பு மிக அதிகம் என்று தெரிந்தது. நியூயார்க் மெட்ஸ் 1969-ல் ஜெயித்தது, 1961, 62 வாக்கில் பிறந்தவர்களிடம் இன்றைக்கும் அந்த அணிக்குத் தனி இடம். அது பேஸ்பால், அமெரிக்கா. ஆனால் நம் ஊர்ப் பையன்களைப் பார்த்தாலும் மூணாவது, நாலாவது படிக்கும்போது டிவியில் யார் ஓடினார்களோ அவர்கள் பெயர்தான் பெரியவனான பிறகும் வாயில் வருகிறது.

ஆனால் ஜெயிப்பதைப் பார்த்து வந்தவர்கள் எல்லாரும் நிற்பதில்லை. நிற்பவர் யார் என்று எனக்குப் புரிந்தது 2006 மே மாதம்.

ஐரோப்பாவின் பெரிய அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் இறுதிப் போட்டி, பாரிஸில், ஸ்பெயின் அணியான பார்சிலோனாவோடு. நமக்கு நடுராத்திரி பன்னிரண்டேகாலுக்கு. அப்பாரு திண்ணையில் படுத்திருந்தார், டிவி சத்தம் ஃபேன் சத்தத்தைத் தாண்டக் கூடாது என்பது வீட்டு உத்தரவு. முந்தைய பத்து சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்களில் ஆர்சனல் ஒரு கோல்கூட வாங்கவில்லை. 18-வது நிமிஷத்தில் கோல்கீப்பர் லேமனுக்குச் சிவப்பு அட்டை. மாற்று கோல்கீப்பர் உள்ளே வரவேண்டும் என்றால் களத்தில் இருக்கும் ஒருத்தர் வெளியே போகவேண்டும். போர்டில் 7 என்று வந்தது. பிரேஸ். "அவரையா கண்ணு எடுக்கறாங்க..." என்று மட்டும் அண்ணன் சொன்னார். ஆர்சனலுக்கு அவர் ஆடிய கடைசி ஆட்டம் அதுதான் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

பத்துப் பேரோடு ஆடி, 37-வது நிமிஷத்தில் ஆன்ரி அடித்த ஃப்ரீகிக்கை சோல் கேம்பல் தலையால் உள்ளே தள்ளினார். அண்ணன் கத்திய கத்தலில் அம்மா எழுந்து வந்து, "இந்நேரத்துக்கு என்னடா கூத்து" என்று திட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட நாற்பது நிமிஷ ஆட்டம் மழையில் பத்துப் பேர் தடுத்துக்கொண்டே இருந்தார்கள். 76-வது நிமிஷம் பார்சிலோனாவின் எட்டோ கோல் போட்டார். 80-வது நிமிஷம் பெல்லெட்டி. 2-1, முடிந்தது.

அடுத்த வாரத்திலேயே எங்கள் வீதிப் பையன்களில் பாதிப் பேர் பார்சிலோனா. ரொனால்டினோ மாதிரி முடி வளர்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அண்ணன் என்ன செய்தார் என்றால், காதர்பேட்டையில் வாங்கிப் பெயர் அச்சடித்து வைத்திருந்த ஆர்சனல் பனியனைத் தோற்ற அன்றைக்குக் காலையிலேயே போட்டுக்கொண்டு, "வா, பேக்கரிக்குப் போலாம்" என்றார். அங்கே மான்செஸ்டர் கோஷ்டி காத்துக்கொண்டிருக்கும், வாரு வாரு என்று வாருவார்கள் என்பது எனக்கே தெரியும். அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் போனார். நானும் கூடவே போனேன். கிண்டலைக் கேட்டுக்கொண்டு, டீயைக் குடித்துவிட்டு வந்தோம். நான் ரசிகன் ஆனது அந்தக் காலையில்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

ராபர்ட் சியால்டினி என்ற உளவியல் பேராசிரியரும் அவர் குழுவும் 1976-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், தங்கள் அணி ஜெயித்த வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை, கல்லூரிப் பெயர் போட்ட உடுப்பில் வரும் மாணவர்கள் அதிகம், தோற்றால் குறைவு. மனுஷ இயல்பு அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயுசுக்கும் நிற்கிற ரசிகர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டுமென்றால், தோற்ற மறுநாள் காலையில் பனியனோடு வெளியே வருகிறவரைப் பாருங்கள். பட்டறையில் ஜெர்சி ஆர்டர் எடுக்கிறவன் என்பதால் எனக்கு இது கண்கூடு. ஜெயிக்கிற அணியின் ஜெர்சிக்கு ஆர்டர் மொத்தமாக வரும், போகும். தோற்கிற சீசனிலும் ஒரு ஜெர்சி மட்டும் கேட்டு, பின்னால் என்ன பெயர் வேண்டும் என்று நின்று யோசித்துச் சொல்கிறவர் அடுத்த வருஷமும் வருவார்.

ஆட்டக்காரரைப் பிடித்துக்கொண்டு வருவதும் ஒரு வழி. நம் ஊரில் அதுதான் பெரிய வழி, சினிமாவிலிருந்தே நமக்கு ஆளைப் பார்த்து ரசிகராகும் பழக்கம். மெஸ்ஸி 2021-ல் பாரிஸ் போனார், 2023-ல் மயாமி போனார், அவர் பின்னாலேயே போனவர்கள் நிறைய. எனக்கு அந்தச் சோதனை 2007-லேயே வந்தது. ஆன்ரி பார்சிலோனாவுக்கே போனார். ஆள் போன பிறகும் சனிக்கிழமை பேக்கரிக்குப் போகிறோமா இல்லையா, அவ்வளவுதான். நாங்கள் போனோம். 2011 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 8-2 என்று தோற்ற அன்றைக்கும் கடைசி விசில்வரை நின்றோம்.

இனி, நான் அதிகம் யோசித்த விஷயத்துக்கு வருகிறேன். நம் கொங்கு நாட்டுக்கே ஒரு தேசிய சாம்பியன் இருந்தது, தெரியுமா? சென்னை சிட்டி எஃப்.சி. பெயரில் சென்னை, சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். 2019 மார்ச் 9, சனிக்கிழமை, இந்தியக் கால்பந்து லீக்கான ஐ-லீக்கின் கடைசி நாள். ஒரே ஒரு புள்ளிதான் முன்னிலை. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. அவர்கள் ஜெயித்தால் இங்கே டிரா போதாது, ஜெயித்தே ஆகவேண்டும். சம்பளத்தைத் திங்கட்கிழமை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். மூணாவது நிமிஷத்திலேயே மினர்வா பஞ்சாப் கோல் போட்டது. என் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒரு கண்ணை மைதானத்திலும் ஒரு கண்ணை போனிலும் வைத்திருந்தார். இடைவேளைக்குப் பிறகு பெனால்டியில் பெட்ரோ மான்சி சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா, டிஃபெண்டர், இரண்டு கோல், அதில் இரண்டாவது கோல் கூடுதல் நேரத்தில். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்திருந்தது. அதே ஒரு புள்ளியில் நாம் சாம்பியன். எட்வின் போன்ற நம்ம தமிழ்ப் பையன்கள் ஆடிய அணி, சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். அந்த ஸ்டேடியத்தில் அன்றைக்குக் கேட்ட சத்தத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அந்த அணி இன்றைக்கு இல்லை. சாம்பியன் ஆனாலும் ஐ-லீக்கிலிருந்து இன்னொரு பெரிய லீக்கான ஐ.எஸ்.எல்.லுக்கு (இந்தியன் சூப்பர் லீக்) போக அப்போது வழியில்லை, அது 2022-23 சாம்பியனுக்குத்தான் திறந்தது. நடுவில் கொரோனா வந்தது, 2020-21 சீசன் முழுக்கக் கொல்கத்தா பக்கம் நடந்தது, 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டி பெயரே இல்லை. அன்றைக்கு எட்டு வயசில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து மான்சி பெயரைக் கத்திய பையன் இப்போது எதைப் பார்ப்பான்? அவனுக்குச் சனிக்கிழமை என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. எனக்கு இது உண்மையாகவே வருத்தம். கோப்பை, ஊர், மைதானம், வயசு எல்லாம் சேர்ந்து வந்தும், தோற்றுப் போய் மறுபடி வந்து நிற்பதற்கு அணிக்கே வருஷங்கள் கிடைக்கவில்லை.

வாளையாறு தாண்டிப் பாருங்கள். கேரளா பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2022 என மூணு தடவை ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டிக்குப் போனது, மூணிலும் தோல்வி, அதில் 2016 தோல்வி கொச்சியில் சொந்த மண்ணிலேயே, பெனால்டியில். ஆனாலும் அந்த மஞ்சள் கூட்டம் கரையவில்லை, ஏனென்றால் அடுத்த சீசன் தொடங்கும்போது அணி அங்கே இருந்தது. கிரிக்கெட்டில் நமக்கே இது நடந்திருக்கிறது. சி.எஸ்.கே. 2016, 2017 இரண்டு வருஷமும் ஆடவில்லை, 2018-ல் திரும்பி வந்தபோது ஆட்டங்கள் புனேவுக்கு மாறியும் ரயிலேறிப் போனார்கள் ரசிகர்கள். அதே பெயர், அதே மஞ்சள், அதே தோனி திரும்ப வந்ததால் காத்திருந்ததற்கு அர்த்தம் இருந்தது.

சின்ன வயசில் வராவிட்டால் வரவே வராதா என்று கேட்டால், வரும். எங்கள் பட்டறைக் கட்டிங் மாஸ்டர், தாராபுரத்துக்காரர், நாற்பது வயசுக்கு மேல் பார்க்க ஆரம்பித்தவர். பக்கத்து டேபிளில் பாலக்காட்டு ஆள் ஒருத்தர் வேலைக்குச் சேர்ந்தார், இரண்டு பேரும் ஒட்டுக்கா உட்கார்ந்து போனில் பிளாஸ்டர்ஸ் ஆட்டம் பார்ப்பார்கள். 2022 இறுதிப் போட்டியில் ஹைதராபாத்திடம் பெனால்டியில் தோற்ற மறுநாள், "ஏனுங்க மாஸ்டர், இனியும் பார்ப்பீங்களா?" என்று கேட்டேன். "அவன் ஒருத்தனை மட்டும் உக்காந்து பாக்க உட முடியுமாப்பா" என்றார். அந்தப் பாலக்காட்டு ஆள் இப்போது ஊருக்கே போய்விட்டார். மாஸ்டர் விடாமல் பார்க்கிறார்.

உங்கள் தம்பி விஷயத்துக்கு: அவனுக்கு அந்த அணியை யார் கொடுத்தார்கள் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். கட்டாயம் ஓர் ஆள் பெயர் வரும். தோற்ற ராத்திரி "இதுக்கெல்லாமா சாப்பிடாம இருக்கறது" என்று கேட்கவேண்டாம், தட்டை மூடி வைத்துவிடுங்கள், பன்னிரண்டு மணிக்கு மேல் அவனே எழுந்து வந்து சாப்பிடுவான். கோபமெல்லாம் இரண்டு நாள் இருக்கும். மூணாம் நாள் அடுத்த ஆட்டம் எத்தனை மணிக்கு என்று போனில் பார்த்துக்கொண்டிருப்பான். அப்போது நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்தால் அவன் சந்தோஷப்படுவான். ஆஃப்சைடு என்றால் என்ன என்று மட்டும் கேட்டுவிடுங்கள், மீதியை அவனே நாள் பூராவும் சொல்லுவான்.