டெண்டர் இல்லாம கிடைக்குமா? – பதில்

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துல சொந்தக் காசுல ஐஸ் பிளாண்டும் குளிர்பதனக் கிடங்கும் கட்டி நடத்துறோம்னு மனு கொடுத்தா, டெண்டர் இல்லாம இடம் கிடைக்குமான்னு கேட்டிருக்கீங்க அண்ணே. அதை நம்பி இறங்காதீங்க. அரசு கேட்காம நாமே கொண்டு போற திட்டம்னா பொதுவா ஸ்விஸ் சேலஞ்ச் முறைதான். உங்க திட்டத்தை வெளியிட்டு மத்தவங்ககிட்டயும் விலை கேட்பாங்க. ஒருத்தர் உங்களைவிட நல்ல தொகை சொல்லிட்டா, அதே தொகைக்கு வர உங்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. வரலேன்னா வேலை அவருக்குப் போயிரும். எந்த வகைத் திட்டத்துக்கு இந்த முறை, அவகாசம் எவ்வளவுன்னு அரசு முன்கூட்டியே அறிவிக்கணும்னு 2009-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. 2015-ல, அரசும் தனியாரும் சேர்ந்து செய்ற திட்டங்களை ஆராய மத்திய அரசு போட்ட கேல்கர் குழுவோ இந்த முறையே வேண்டாம்ங்கிற பக்கம்தான் பேசுச்சு. எனக்கும் அது சரின்னுதான் படுது. நீதிமன்றம் சொன்ன மாதிரி அறிவிப்பு இருக்கான்னு மீன்வளத் துறையில முதல்ல எழுத்துல கேளுங்க. மண் பரிசோதனை, வரைபடம் எல்லாத்துக்கும் பில்லை பத்திரமா வையுங்க. வேற ஆளுக்குப் போனா அந்தச் செலவு திரும்பக் கிடைக்குமான்னும் அதே கடிதத்துல கேட்டிருங்க.