இளவேனிலில் பனிச்சரிவு ஏன்?

குளிர் தணிந்த பிறகும் மலையில் பனிச்சரிவு ஏன் நிகழ்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா செல்லும் சாலையில் பனிச்சரிவில் 7 பேர் இறந்ததை நினைத்தால், இது உயிர் காக்கும் கேள்வி.

பகல் வெயிலில் மேற்பரப்புப் பனி உருகி, அந்த நீர் கீழடுக்குகளுக்குள் கசிந்து, பனிமணிகளைப் பிணைத்திருந்த உறைவை இளக்கிவிடுவதால், பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் பனி தன் பாரத்தைத் தாங்காமல் வழுக்கி இறங்குகிறது. தெளிந்த வானமுள்ள இரவில் வெப்பம் வெளியேறி மேற்பரப்பு மீண்டும் இறுகும். மேகம் மூடிய இரவில் அந்த இறுக்கம் போதுமான அளவு ஏற்படாது. பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். காலையில் முதலில் வெயில்படும் கிழக்குச் சரிவுகளே முதலில் இளகும். விடியலில் கல்லாக இருந்த பனியில் காலணி கணுக்காலுக்கு மேல் புதைந்தாலோ, மேலிருந்து சிறு பனியுருண்டைகள் தாமாக உருண்டு வந்தாலோ, உடனே அச்சரிவை விட்டு விலகிவிடுங்கள்.