ஜெர்மனா, உக்ரைனிய மொழியா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

வணக்கம் அம்மா.

பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் ராத்திரி 11 மணி வரைக்கும் போனும் நோட்டுமாக உட்கார்ந்து உக்ரைனிய மொழி படிக்கிறாள், இதனால் வேலை கிடைக்குமா, இதற்குப் பதில் ஜெர்மன் படித்தால் ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நேரடியாக எழுதாவிட்டாலும், நாளைக்கு அந்த நாட்டுக்கே கிளம்பிவிடுவாளோ என்ற பயமும் கடிதம் முழுக்கத் தெரிகிறது.

முதலில் அந்தப் பயத்துக்கு. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா முழுப் போரைத் தொடங்கியதும் உக்ரைனின் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்த நம் பிள்ளைகள் போலந்து, ருமேனியா, ஹங்கேரி எல்லைகளைத் தரைவழியே கடந்து, அங்கிருந்து இந்திய அரசின் ‘ஆபரேஷன் கங்கா’ மீட்பு விமானங்களில் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் நிறையப் பேர். அந்த நாட்களைத் தொலைக்காட்சியில் பார்த்த எந்தத் தாய்க்கும் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் மொழி படிப்பது வேறு, நாட்டுக்குப் போவது வேறு. உங்கள் மகள் கேட்பது இப்போதைக்கு வீட்டிலிருந்தே படிக்க ஒரு வருடம். அதைத் தாராளமாகக் கொடுக்கலாம் என்பதே என் கருத்து.

வேலை விஷயத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். உக்ரைனிய மொழி தெரியும் என்ற ஒரே காரணத்துக்காகச் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை கொடுப்பவர்கள் மிகக் குறைவு. மொழிபெயர்ப்பு வேலைக்கு அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்களைத்தான் பெரும்பாலும் தேடுவார்கள். ஆங்கிலமும் ஜெர்மனும் போலிஷும் தெரிந்த உக்ரைனியர்கள் இன்று ஐரோப்பா முழுக்க இருக்கிறார்கள். அவர்களோடு போட்டி போட முடியாது, போட வேண்டியதும் இல்லை. மருத்துவமனையில் நர்ஸாகவோ தொழிற்சாலையில் பொறியாளராகவோ ஜெர்மனிக்குப் போக வேண்டும் என்பது லட்சியம் என்றால் ஜெர்மன்தான் படிக்க வேண்டும், அதில் இரண்டு பேச்சு இல்லை.

ஆனால் உங்கள் மகள் வரலாற்று மாணவி. பன்னாட்டு உறவுகளில் எம்.ஏ. செய்ய நினைக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் துறையில் கிழக்கு ஐரோப்பா இன்று முக்கியமான பகுதி. அதைப் பற்றி ஆங்கிலச் செய்திகளை மட்டும் படித்து எழுதுகிறவர்கள் ஏராளம். அந்த நாட்டுப் பத்திரிகையை, நாடாளுமன்ற உரையை, பழைய கடிதங்களை நேரடியாகப் படிக்கத் தெரிந்த இந்தியர்கள் மிகச் சிலர். ஆய்வுக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கும்போது, ‘எனக்கு மூல மொழி தெரியும்’ என்ற வரி மதிப்பெண் பட்டியலைவிட அதிகமாகப் பேசும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1973 முதல் உக்ரைனிய ஆய்வு நிறுவனம் இருக்கிறது. கனடாவில் உக்ரைனிய வம்சாவளியினர் பத்து லட்சத்துக்கும் மேல். அங்கே ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1976 முதல் இதற்கென்று தனி நிறுவனமே இயங்குகிறது. இது தவிர அகதிகளுக்கான உதவிப் பணி, பொதுச் சுகாதாரம், பத்திரிகைத் துறை, ஏன் எண்ணெய் இறக்குமதி வணிகத்தில்கூட இந்த மொழிக்கு இடமுண்டு. போருக்கு முன்பு நாம் இறக்குமதி செய்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு உக்ரைனிலிருந்துதான் வந்தது. எல்லா இடத்திலும் கணக்கு ஒன்றுதான்: முதலில் ஒரு துறை, அதோடு சேர்ந்து இந்த மொழி.

சரி, எவ்வளவு கஷ்டம்? அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் நிறுவனம், மொழிகளைக் கடினத்துக்கு ஏற்பப் பிரித்து வைத்திருக்கிறது. அதில் உக்ரைனிய மொழியும் தமிழும் ஒரே பிரிவு. இரண்டுக்கும் சுமார் 1,100 வகுப்பு மணி நேரம். ஆனால் அது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குப் போட்ட கணக்கு. உங்கள் மகள் தமிழிலிருந்து கிளம்புகிறாள். நான் இந்தப் பதிலில் சொல்ல வந்த முக்கியமான விஷயமே இதுதான். இந்த மொழிக்கான பாடங்களும் செயலிகளும் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே இருக்கின்றன. வேறு வழியில்லை, அவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆனால் மனசுக்குள் ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாதிப் பாரம் குறைந்துவிடும்.

சில உதாரணங்கள் தருகிறேன், மகளிடம் காட்டுங்கள். ‘நான் மாணவி’ என்பதற்கு ‘யா ஸ்துதேந்த்கா’. ஆங்கிலத்தில் வருகிற ‘ஆம்’, ‘இஸ்’ எதுவும் நடுவில் இல்லை, நம்மைப் போலவே. ‘எனக்கு 20 வயது’ என்பதை ‘மெனீ த்வாத்சியாத் ரோகிவ்’ என்கிறார்கள். ‘மெனீ’ என்றால் ‘எனக்கு’. ஆங்கிலக்காரர் ‘நான் 20 வயதாக இருக்கிறேன்’ என்கிற மாதிரி சொல்லிப் பழகியவர், இங்கே வந்து தடுமாறுவார். நமக்கு இது வீட்டுப் பேச்சு. எனக்குக் குளிர்கிறது, எனக்குப் பிடிக்கிறது, எனக்கு வேண்டும் எல்லாமே அங்கேயும் ‘மெனீ’ என்றுதான் தொடங்கும்: ‘மெனீ ஹோலொத்னொ’, ‘மெனீ பொதோபாயெத்ஸ்யா’, ‘மெனீ த்ரேபா’. ‘என்னிடம் நேரம் இருக்கிறது’ என்பதும் அப்படியே: ‘உ மேனெ யே சாஸ்’. நீ, நீங்கள் என்ற வேறுபாடு ‘தி’, ‘வி’ என்று இருக்கிறது. ஆசிரியரிடமும் முன்பின் தெரியாதவரிடமும் ‘வி’ தான்.

அடுத்தது வேற்றுமை. உக்ரைனிய மொழிக்கு ஏழு வேற்றுமைகள் என்றதும் பல மாணவர்கள் பயந்து விட்டுவிடுகிறார்கள். எட்டு வேற்றுமையைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு ஏழு என்ன பெரிய விஷயம்! விளி வேற்றுமைகூட அங்கே உயிரோடு இருக்கிறது. ஒக்ஸானா என்ற பெண்ணைக் கூப்பிட்டால் ‘ஒக்ஸானோ’, இவானைக் கூப்பிட்டால் ‘இவானே’, அம்மாவை ‘மாமோ’. கண்ணனைக் ‘கண்ணா’ என்று கூப்பிடுகிறவர்களுக்கு இதில் வியப்பே இல்லை. உருபு சேரும்போது சொல் உருமாறுவதும் நமக்குப் பழக்கம்தான். மரம் என்பது ‘மரத்தில்’ ஆகிறதல்லவா? அதுபோல ல்விவ் நகரம், ‘ல்விவில்’ என்று சொல்லும்போது ‘உ ல்வோவி’ ஆகும். அதனால் வேற்றுமை அட்டவணையை மொத்தமாக மனப்பாடம் செய்ய வேண்டாம். ‘எனக்கு’, ‘என்னிடம்’, ‘என்னோடு’, ‘கீவ் நகரில்’ என்று வாழ்க்கையில் வருகிற துண்டுகளாக எடுத்துப் பழகினால் போதும்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் இருக்கின்றன. பெரியது பால். நமக்கு மேசையும் ஜன்னலும் அஃறிணை, அதோடு முடிந்தது. அங்கே மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால், ஜன்னல் பொதுப்பால். நல்ல வேளையாகச் சொல்லின் கடைசி ஒலியே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்: மெய்யில் முடிந்தால் ஆண்பால், ‘ஆ’ என்றால் பெண்பால், ‘ஒ’ அல்லது ‘எ’ என்றால் பொதுப்பால். இறந்த காலத்தில் ‘நான் படித்தேன்’ என்பதைக்கூட ஆண் ‘சிதாவ்’ என்றும் பெண் ‘சிதாலா’ என்றும் சொல்ல வேண்டும். ஆண் ஆசிரியர் பேசுவதை அப்படியே திரும்பச் சொல்லி வாயில் படிந்துவிட்டால் பிறகு மாற்றுவது சிரமம். முதல் வாரத்திலிருந்தே கவனமாக இருக்கட்டும்.

இன்னொன்று வினைச்சொற்கள் ஜோடி ஜோடியாக வருவது. படித்துக்கொண்டிருந்ததற்கு ஒரு சொல், படித்து முடித்ததற்கு இன்னொரு சொல். ‘படித்தேன்’, ‘படித்துவிட்டேன்’ என்ற நம் வேறுபாடு பாதித் தூரம் உதவும், மீதியை அனுபவத்தில்தான் பிடிக்க வேண்டும். நடந்து போவதற்கும் வண்டியில் போவதற்கும் வேறு வேறு வினைகள். எண்களும் சோதிக்கும்: 2 முதல் 4 வரை ஒரு பன்மை, 5லிருந்து இன்னொன்று. அந்நாட்டுப் பணத்தில் சொன்னால், இரண்டு என்றால் ‘த்வி ஹ்ரீவ்னி’, ஐந்து என்றால் ‘பியாத் ஹ்ரீவென்’. இதெல்லாம் முதல் மூன்று மாதத்தில் சரியாக வராது. வராவிட்டால் பரவாயில்லை, பேசினால் புரிந்துகொள்வார்கள்.

எழுத்தைப் பற்றி உறுதியாக ஒன்று சொல்ல வேண்டும். நான் இங்கே உங்களுக்காகத் தமிழில் எழுதிக் காட்டுகிறேன், உங்கள் மகள் அப்படி நோட்டில் எழுதிவைத்துப் படிக்கக் கூடாது. ஆட்டுக்கு ஒரு சொல், பின்னிய சடைக்கு ஒரு சொல். இரண்டையும் தமிழில் ‘கொசா’ என்றே எழுத வேண்டிவரும். நடுவிலுள்ள ஒலி வேறு, தமிழில் அதற்குத் தனி எழுத்து இல்லை. சிரிலிக் எழுத்துகள் மொத்தம் 33 தான். 247 எழுத்துகளைப் படித்து வந்த பிள்ளைக்கு இரண்டு வாரம் போதும். ஏமாற்றுகிறவை ஆங்கில எழுத்துபோலத் தெரிகிறவை மட்டுமே: ஆங்கில ‘எச்’ வடிவம் அங்கே ‘ந’ ஒலி, ‘பி’ வடிவம் ‘ர’, ‘சி’ வடிவம் ‘ஸ’. அச்செழுத்து வந்ததும் கையெழுத்து வடிவத்தையும் பழக வேண்டும், அது வேறு மாதிரி இருக்கும்.

உச்சரிப்பிலும் நமக்குச் சாதகம் உண்டு. அவர்களுடைய ‘த’ ஒலி நாக்கு பல்லைத் தொடுகிற நம் தகரம்தான், ஆங்கில டகரம் இல்லை. காலை வணக்கத்தை ‘குட் மார்னிங்’ பாணியில் இறுக்காமல் ‘தோப்ரொஹொ ரான்கு’ என்று இயல்பாகச் சொல்லலாம். மென்மையாக வரும் ‘ந’ ஒலி நம் ‘ஞ்’ போல இருக்கும். ரகரம் உருள வேண்டும், அதையும் நாம் தினமும் செய்கிறோம்.

‘முதலில் ரஷ்ய மொழி படித்துவிட்டு இதற்கு வரலாமா, சென்னையில் அதற்கு வகுப்பு இருக்கிறதே’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இரண்டும் உறவு மொழிகள்தான், ஆனால் தனித்தனி மொழிகள். சொல்வளத்தில் உக்ரைனிய மொழி போலிஷுக்கும் பெலாரஸ் மொழிக்கும் நெருக்கமானது. ரஷ்ய மொழியையும் உக்ரைனிய மொழியையும் கலந்து பேசுவதற்கு அங்கே ‘சுர்ஜிக்’ என்றே பெயர் உண்டு. தொடக்கத்தில் கலந்துவிட்டால் பிரிப்பது பெரும் பாடு. மகள் வரலாறு படிக்கிறாள் என்பதால் இதையும் சொல்கிறேன்: 1876ல் ரஷ்யப் பேரரசர் பிறப்பித்த எம்ஸ் ஆணை, உக்ரைனிய மொழியில் பெரும்பாலான புத்தகங்களை அச்சிடுவதையே தடை செய்தது. அப்படி நசுக்கப்பட்ட மொழி 1989ல் அரசு மொழியானது. 2021 ஜனவரி முதல் கடைகளிலும் உணவகங்களிலும் வாடிக்கையாளரிடம் முதலில் உக்ரைனிய மொழியில்தான் பேச வேண்டும் என்பது சட்டம். தங்கள் மொழியை ஓர் அந்நியர் மெனக்கெட்டுக் கற்கிறார் என்றால் அந்த மக்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, மொழிக்காகப் போராடிய ஊரில் இருக்கும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. போன் கீபோர்டில் ரஷ்ய எழுத்துப் பலகையை வைத்துச் சமாளிக்காமல், உக்ரைனியப் பலகையையே போடச் சொல்லுங்கள். ‘ஈ’, ‘யி’, ‘யெ’ போன்ற அவர்களுடைய தனி எழுத்துகள் அதில்தான் இருக்கும்.

செலவு? முதல் மூன்று மாதம் ஒரு ரூபாயும் வேண்டாம். டூலிங்கோ செயலியில் உக்ரைனியப் பாடம் இலவசமாக இருக்கிறது, எழுத்துக்கும் முதல் சில நூறு சொற்களுக்கும் அது போதும். அதில் இலக்கண விளக்கம் குறைவு, பேச்சும் வராது. அப்புறம் வாரத்துக்கு ஒரு மணி நேரம், உக்ரைனிலிருந்து ஆன்லைனில் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் ஒருவரை அமர்த்துங்கள். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம், குளிர்காலத்தில் மூன்றரை. நம் இரவு 7 மணி வகுப்பு அவர்களுக்கு மாலைப் பொழுது. மின் நிலையங்கள் தாக்கப்படுவதால் சில நாள் அங்கே கரண்ட் இருக்காது, வகுப்பு தள்ளிப்போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுக்கும் கட்டணம் அங்கே ஒரு குடும்பத்துக்கு உதவும் என்பதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எச்சரிக்கை ஒன்று. ‘மொழி வகுப்பில் சேர்ந்தால் அங்கே எம்.பி.பி.எஸ். சீட்டும் வாங்கித் தருகிறோம்’ என்று ஏஜென்ட் யாராவது போன் செய்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்குத் தேசிய மருத்துவ ஆணையம் 2021ல் கொண்டுவந்த விதிகள் கறாரானவை. உங்கள் மகளின் பாதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இப்போது செய்ய வேண்டியது: செமஸ்டர் தேர்வு முடியும் வரை தினமும் அரை மணி நேரம், அதுவும் காலையில். ராத்திரி 11 மணிப் படிப்பை நிறுத்தச் சொல்லுங்கள், மொழி தங்குவதற்குத் தூக்கம் வேண்டும். தேர்வுக்குப் பிறகு ஆசிரியரைத் தேடுங்கள். மொத்தப் பணத்தையும் கட்டிவிடாமல் முதலில் ஓரிரு வகுப்பு மட்டும் எடுத்துப் பார்க்கட்டும். தன் தாய்மொழி தமிழ் என்றும், ‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியங்களிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றும் அவள் ஆசிரியரிடம் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடலாம். ஒரு வருடம் கழித்து, அவள் எளிய செய்தி ஒன்றை அகராதியோடு படிக்க முடிகிற நிலையில் இருந்தால், எம்.ஏ. விண்ணப்பங்களைப் பற்றி மூவரும் உட்கார்ந்து பேசுவோம்.