தொழில்நுட்பப் பங்குகளை விலை இறங்கும்வரை காத்திருந்து வாங்கலாமா? எவ்வளவு ஏறினால் விற்கலாம்?

கனடாவிலுள்ள தம்பியின் கணக்கில் அமெரிக்கத் தொழில்நுட்பப் பங்குகளை வாங்க எண்ணியிருப்பதாக வவுனியாவிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். விலை இன்னும் இறங்கும்வரை பொறுப்பதா, வாங்கிய பின் எத்தனை வீதம் ஏறினால் விற்பது என்பவை உங்கள் இரண்டு கேள்விகள். நான் ஒன்பது ஆண்டுகள் ரொறன்ரோவில் வேலை செய்து 2022இன் இறுதியில் கிளிநொச்சிக்குத் திரும்பியவன். இதே இரண்டு கேள்விகளையும் வைத்துக்கொண்டு பங்கு வாங்கி நட்டப்பட்டேன். பங்கை வாங்குவதற்கு முன் வேறொரு கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும்.

2021 நவம்பரில், ஊரில் வீட்டு வேலையை முடிப்பதற்கென்று சேர்த்திருந்த 5,000 அமெரிக்க டொலரை ஒரே நிறுவனத்தின் பங்கில் போட்டேன். அது பல மாதங்களாக ஏறிக்கொண்டிருந்தது என்பதைத் தவிர, வாங்குவதற்கு என்னிடம் வேறு காரணம் இருக்கவில்லை. அடுத்த ஆண்டு அமெரிக்க மத்திய வங்கி வட்டியை மார்ச்சில் பூச்சியத்திற்கு அருகிலிருந்து டிசம்பருக்குள் 4 வீதத்திற்கு மேல் உயர்த்தியது. பல ஆண்டுகள் கழித்து வரப்போகும் இலாபத்தை நம்பியே தொழில்நுட்பப் பங்குகளுக்கு அதிக விலை கொடுக்கப்படுகிறது; வட்டி உயர்ந்தால், தொலைவிலுள்ள அந்த இலாபத்தின் இன்றைய மதிப்புத்தான் அதிகமாகக் குறையும். தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த நஸ்டாக் பங்குச் சந்தையின் விலைப் போக்கைக் காட்டும் நஸ்டாக் சுட்டெண் அவ்வாண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியை இழந்தது. என் பங்கோ 60 வீதம் விழுந்திருந்தது. வீட்டுக்குப் பணம் தேவைப்பட்ட நாளில் 2,000 டொலருக்கு விற்றேன்.

டொலர் 200 ரூபாவாக இருந்தபோது வாங்கி, 360 ரூபாவாக இருந்தபோது விற்றதால், ரூபாவில் பத்து இலட்சம் ஏழு இலட்சத்து இருபதாயிரமாகக் குறைந்ததாகவே தெரிந்தது. அவ்வளவுதானே என்று நானும் ஆறுதலடைந்தேன். உண்மையில், டொலரைத் தொடாமல் வைத்திருந்தால் அன்று அது 18 இலட்சம். எங்கள் நாணயத்தின் வீழ்ச்சி என் தவறின் அளவை எனக்கே மறைத்துவிட்டது. ஆகவே இலாப நட்டத்தை டொலரிலும் ரூபாவிலும் தனித்தனியே எழுதி வையுங்கள்.

அந்த விற்பனையின் நாளை நான் தெரிவு செய்யவில்லை. தேவைதான் தெரிவு செய்தது. கடன்காரர் வாசலில் நிற்பதாலும் காயவைக்க இடமில்லாததாலும் அறுவடை நாளிலேயே ஈர நெல்லை விற்கிற விவசாயிக்கு, அடுத்த மாத விலை தெரிந்திருந்தாலும் பயனில்லை. என் நிலையும் அதுவே. 2022இல் 64 வீதம் விழுந்த, பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் பங்கு 2023இல் ஏறத்தாழ மூன்று மடங்காகியது. ஆனால் அந்த ஏற்றம் காத்திருக்க முடிந்தவர்களுக்கே கிடைத்தது. நகையை அடகு வைத்தோ கடன் வாங்கியோ பங்கு வாங்க வேண்டாம் என்று உங்களை மன்றாடிக் கேட்கிறேன்.

இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்திற்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதை, வரப்போகும் நெல் விலையை ஊகித்து எவரும் தீர்மானிப்பதில்லை. குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்துப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கிறார்கள். நீங்களும் முதலில் கேட்க வேண்டியது, குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணம் உங்களிடம் எவ்வளவு உண்டு என்பதே. அதிலும் பாதி அழிந்தால் குடும்பம் தாங்குமா என்று பார்த்துத் தொகையைக் குறையுங்கள். 2025 ஜனவரி 27 அன்று, கணினிச் சில்லுகளை வடிவமைக்கும் என்விடியாவின் பங்கு ஒரே நாளில் ஏறத்தாழ 17 வீதம் விழுந்தது. பெரிய நிறுவனம் என்பதற்காக வீழ்ச்சி சிறியதாக இருக்காது.

இனி, விலை இறங்கும்வரை காத்திருப்பது. 1999இன் இறுதியில் நூறு டொலரைத் தாண்டியிருந்த அமேசன் 2001இல் ஆறு டொலருக்கு வந்தது. அது பாதி விலைக்கு வந்ததும் மலிவென்று வாங்கியவர், அதன் பின்னர் தன் பணத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பகுதியை இழந்தார். அடித்தளம் எதுவென்று விழும்போது தெரிவதில்லை. ஒதுக்கிய தொகையை ஆறு அல்லது பன்னிரண்டு கூறாக்கி, மாதம் ஒன்றாக, விலையைப் பாராமல் வாங்குவதையே நான் இப்போது சரியென்று கருதுகிறேன். தரகுக் கட்டணம் அதிகமென்றால் கூறுகளைக் குறைக்கலாம். தனி நிறுவனத்தை விடப் பல நிறுவனங்களைக் கொண்ட சுட்டெண் நிதி பாதுகாப்பானது. ஆயினும் 2000 மார்ச்சில் இருந்த உச்சத்தை நஸ்டாக் மீண்டும் எட்ட 2015 வரை சென்றது.

விற்பதற்கு ஒரு வீதத்தைச் சொல்ல என்னால் முடியாது. சொல்பவரை நம்பவும் மாட்டேன். வாங்கும் அன்றே, ஏன் வாங்குகிறேன் என்று இரண்டு வரியில் கொப்பியில் எழுதுங்கள். அந்தக் காரணம் பொய்த்துப் போனால், நட்டமானாலும் விற்றுவிடுங்கள். கணினி வலையமைப்புக் கருவிகளைச் செய்யும் சிஸ்கோவின் பங்கு 2000ஆம் ஆண்டில் உச்சத்திலிருந்தது; பின்னர் பெரும்பாலான ஆண்டுகளில் நிறுவனம் இலாபமீட்டியும், இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த விலையைப் பங்கு தொடவில்லை. எனவே வெறும் பொறுமை போதாது. காரணம் அப்படியே இருந்து, பங்கு வளர்ந்து உங்கள் சேமிப்பில் பெரும்பகுதியாகிவிட்டால், ஒரு பகுதியை விற்றுப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிள்ளையின் படிப்புக்கோ வீட்டுக்கோ இரண்டு ஆண்டுகளில் தேவைப்படும் பணமென்றால், சந்தை ஏறிக்கொண்டிருந்தாலும் இப்போதே எடுத்துவிடுங்கள். இவற்றுக்கு வெளியே அடிக்கடி வாங்கி விற்பது பெரும்பாலும் ஆதாயத்தைக் குறைக்கவே செய்யும். பார்பர், ஓடீன் என்ற இரு ஆய்வாளர்கள் 1991 முதல் 1996 வரை 66,465 அமெரிக்கக் குடும்பங்களின் கணக்குகளை ஆராய்ந்தபோது, சந்தை ஆண்டுக்கு 17.9 வீதம் தந்த காலத்தில், மிக அதிகமாக வாங்கி விற்றவர்கள் 11.4 வீதமே பெற்றிருந்தனர்.

தம்பியின் கணக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய பெயரிலுள்ள பங்கு பதிவின்படி அவருடையது. விற்றால் வரி விவரம் காட்டும் பொறுப்பும் அவர்மீது விழக்கூடும். யாருக்கு எவ்வளவு என்பதை இருவரும் எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள். இங்கிருந்து பணம் அனுப்புவதாயின், அது 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்திற்கு உட்பட்டது என்பதால், அனுப்புவதற்கு முன் உங்கள் வங்கியில் இன்றைய விதிகளைக் கேட்டறியுங்கள்.