மூளைக் கட்டியின் டி.என்.ஏ. ஆயுளைச் சொல்லுமா?

கேள்வி: 53 வயதான என் அண்ணாவுக்கு மூளையில் இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். றிப்போட்டில் கிளையோபிளாஸ்ரோமா என்று இருக்கிறது. கட்டியின் டி.என்.ஏ.யை அளந்தால் எவ்வளவு காலம் இருப்பார் என்று தெரியுமாம். உண்மையா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: சகோதரி, அண்ணாவுக்கு இத்தனை மாதம் என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. ஆனால் எந்த மருந்து கைகொடுக்கும் என்பதை அது காட்டும். அதற்காகவே செய்துபாருங்கள்.

முக்கியமானது எம்.ஜி.எம்.ரி. மரபணு. ரெமோசோலமைட் என்ற புற்றுநோய்க் குளிசை கட்டிக் கலத்தின் டி.என்.ஏ.யைச் சேதப்படுத்தும், இந்த மரபணு உண்டாக்கும் புரதம் அந்தச் சேதத்தைத் திருத்திவிடும். மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெதைல் என்ற இரசாயனக் கூறு படிந்து அது அடைபட்டிருந்தால் திருத்த ஆளில்லை, குளிசை நன்றாக வேலை செய்யும். 2005இல் வெளிவந்த ஆய்வில், கதிர்வீச்சோடு குளிசையும் எடுத்தவர்களில் இந்த மரபணு அடைபட்டவர்களின் ஆயுட்கால இடையம் 21.7 மாதம், மற்றவர்களுக்கு 12.7. பாதிப்பேர் அந்த எண்ணைத் தாண்டியும் இருந்தார்கள். அதை அண்ணாவின் கலண்டரில் குறிக்க வேண்டாம்.

ஐ.டி.எச். மரபணுவில் மாற்றம் இருந்தால், 2021இன் உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டின்படி அது கிளையோபிளாஸ்ரோமாவே அல்ல. எதிர்பார்க்கும் ஆயுளும் கூடும். றிப்போட்டில் இது எழுதியிருக்கிறதா பாருங்கள். நிறமூர்த்தங்களில் எந்தத் துண்டு கூடியது, எது குறைந்தது என்று முழுவதையும் அளந்து ஆயுளைக் கணிக்கும் முறையை அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்டார்கள். அது வழக்கமான கிளினிக் பரிசோதனை ஆகவில்லை.

முடிவு பிழையாவது பெரும்பாலும் மாதிரியில்தான். கிளினிக் கொப்பியோடு போய், சத்திரசிகிச்சை நடந்த வைத்தியசாலையின் நோயியல் பிரிவில் மெழுகுக் கட்டையை, அதாவது எடுத்த கட்டியின் துண்டை மெழுகில் பதித்து வைத்திருப்பதை, கேளுங்கள். பல கட்டைகள் இருக்கும். உயிருள்ள கட்டிக் கலம் நிறைந்ததை நோயியல் வைத்தியரே தெரிந்து தரவேண்டும். செத்த இழையம் மிகுந்தால் முடிவு வராது. நல்ல மூளை இழையம் கலந்தால் அடைபட்டதும் அடைபடாததுபோலத் தெரியும். கட்டையைத் தரமாட்டார்கள் என்றால், அதிலிருந்து 5 மைக்ரோன் தடிப்பில் சீவி ஒட்டிய, சாயமிடாத கண்ணாடி வில்லைகள் பத்து கேளுங்கள், பெரும்பாலும் போதும். ஏ9 வீதியில் வெயிலில் நிறுத்திய வானுக்குள் கட்டையை விட்டால் மெழுகு இளகும். துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து மடியிலேயே பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோங்கள்.

இந்த முடிவுக்காகக் கதிர்வீச்சைப் பிற்போடவேண்டாம். சத்திரசிகிச்சை முடிந்து 3 முதல் 6 கிழமைக்குள் தொடங்குவதே வழக்கம். உடல்நிலை இடங்கொடுத்தால், இந்த வயதில் எம்.ஜி.எம்.ரி. முடிவு வருமுன்பே குளிசையையும் சேர்த்துத் தொடங்குவார்கள்.