நாவல் வேகத்துக்கு வராத புத்தகங்கள்

வணக்கம்.

பல வருடங்களாக நாவல் மட்டுமே படித்துவருகிறேன். மாதத்துக்கு இரண்டு நாவலாவது முடித்துவிடுவேன். இந்த ஆண்டு புத்தகக் கண்காட்சியில் வேண்டுமென்றே நாவலை ஒதுக்கிவிட்டு, குறுந்தொகை உரை ஒன்று, உ.வே.சா.வின் 'என் சரித்திரம்', ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் ஒரு தொகுதி என மூன்று வாங்கினேன். மூன்றுமே நாற்பது, ஐம்பது பக்கத்தில் நின்றுவிட்டன. அலுத்துப்போனது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நகரவில்லை. அண்மையில் வெவ்வேறு வகைகளில் நீங்கள் விரும்பிப் படித்தவை எவை? அவற்றை எப்படிப் படிப்பது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் வாங்கிய மூன்றும் என் பட்டியலில் முன்வரிசையில் இருப்பவைதான். புதுப் பெயர்களை அடுக்குவதற்கு முன் அவற்றையே பார்த்துவிடலாம். அவை நின்றுபோனதற்கு உங்கள் பொறுமையைக் குறை சொல்ல வேண்டாம். நாவலை முதல் பக்கத்தில் பிடித்து, 'அடுத்து என்ன?' என்று கேட்டுக்கொண்டே கடைசிவரை போய்ப் பழகியிருக்கிறீர்கள். இந்த மூன்றும் அந்தக் கேள்வியைக் காதில் வாங்காத புத்தகங்கள்.

குறுந்தொகையில் 401 பாட்டுகள். பெரும்பாலும் நான்கடியிலிருந்து எட்டடிக்குள் முடிந்துவிடும். வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் நாற்பதாவது பக்கத்தில் எல்லாத் தலைவியும் ஒரே தலைவியாகிவிடுவாள். வளை கழல்வதும், பிரிவில் மேனி வெளிறும் பசலை படர்வதும் சொன்னதையே சொல்வதாகத் தோன்றும். நாளுக்கு இரண்டு பாட்டுக்கு மேல் வேண்டாம். அந்தக் கணக்கில் ஆறரை மாதம் ஆகும்.

உங்களிடம் இருப்பது 1937இல் வந்த உ.வே.சா. பதிப்போ அதன் மறுஅச்சோ என்றால் ஒவ்வொரு பாட்டுக்கும் கூற்று, பதவுரை, முடிபு, கருத்து, விசேடவுரை, மேற்கோளாட்சி, ஒப்புமைப் பகுதி என்று பல உறுப்புகள் இருக்கும். பலரும் நேராகப் பதவுரையில் இறங்கி அங்கேயே சிக்கிக்கொள்கிறார்கள். முதலில் கூற்றைப் பாருங்கள்: பேசுவது யார், யாரிடம், எந்தக் கட்டத்தில். அடுத்து பாட்டை இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு முடிபு. எந்த எழுவாய் எந்த வினையோடு போய்ச் சேர்கிறது என்று அது ஓரிரு வரியில் காட்டிவிடும். பதவுரை அதற்கப்புறம், அதுவும் புரியாத சொல்லுக்கு மட்டும். ஒப்புமைப் பகுதியை முதல் சுற்றில் தொடாதீர்கள். கூற்றே அச்சிடாத 'எளிய உரை'ப் புத்தகங்களும் கடையில் உண்டு. உங்களுடையது அந்த ரகம் என்றால் மாற்றிவிடுவதே நல்லது.

ஏன் என்பதற்கு 167ஆம் பாட்டைப் பாருங்கள். கூடலூர் கிழார் பாடியது, ஆறே அடி. தயிர் பிசைந்த விரலைத் துடைத்த புடவையை மாற்றாமல், தாளிப்புப் புகை மையுண்ட கண்ணில் நிறைய, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் 'இனிது' என்று உண்கிறான். அவள் முகம் நுண்மையாக மகிழ்ந்தது. 'மகிழ்ந்தன்று' என்ற வினையும் 'முகனே' என்ற எழுவாயும் கடைசி அடியில்தான் இருக்கின்றன. அதுவரை விரல், புடவை, கண் என்று தொங்கிக்கொண்டே வரும். முடிபைப் பார்த்தவருக்கு அந்தத் தொங்கல் சுகம், பார்க்காதவருக்குக் குழப்பம். கூற்றைப் படிக்காவிட்டால் கணவன் பாடுகிறான் என்றே நினைப்போம். பேசுவது செவிலித்தாய். புதுக்குடித்தனம் நடக்கும் வீட்டுக்குப் போய்வந்து, பெற்றவளிடம் சொல்கிறாள். வளர்த்தவள் கண் முதலில் விரலுக்குப் போய், புடவைக்குப் போய், கடைசியில் முகத்தில் நிற்கிறது.

'யாயும் ஞாயும் யாராகியரோ' என்ற 40ஆம் பாட்டுக்கும் இதுவே கதி. கல்யாணப் பத்திரிகைக்குப் போய்விட்ட பாட்டு அது. கூற்று சொல்லும் சூழல் வேறு. கூடியபின், இவன் பிரிந்துவிடுவானோ என்று அவள் அஞ்சுகிறாள். அந்த முகமாற்றத்தைப் பார்த்து அவன் பேசுகிறான். செம்மண்ணில் பெய்த மழைநீர் அவளுடைய பயத்துக்குச் சொன்ன பதில்.

'என் சரித்திரம்' நின்றுபோவதற்குக் காரணம் வேறு. ஏட்டுச்சுவடி தேடி அலைந்த கதை என்று கேள்விப்பட்டு உள்ளே போகிறோம். முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார் கும்பகோணத்தில் உ.வே.சா.விடம் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்கும் இடம், 1880, பாதிப் புத்தகத்தைத் தாண்டிய பிறகுதான் வருகிறது. அதுவரை உத்தமதானபுரம், அரியலூர், குன்னம் என்று குடும்பம் பிழைப்புக்கு ஊர் மாறுவதும், மகனுக்குப் பாடம் சொல்ல ஆள் தேடுவதும்தான். இது ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக வந்தது, 122 அத்தியாயங்கள். தொடருக்கென எழுதியதால் ஒவ்வொன்றும் தனியாக நிற்கும். நீங்கள் மாயூரத்தில் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் சேரும் இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். 1876இல் பிள்ளை மறைவதுவரை ஒரே ஓட்டமாகப் படித்துவிட்டு, அதன்பின் முதல் அத்தியாயத்துக்குத் திரும்புங்கள்.

படிக்கும்போது ஒரு தாளில் அவர் பாடம் கேட்ட நூல்களின் பெயர்களை எழுதிவாருங்கள். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம், தலபுராணம் என்று தாள் நிறையும். இந்தப் பட்டியலை மனதில் வைத்துக்கொண்டு 1880க்கு வந்தால்தான், முதலியார் அதையெல்லாம் ஒரு கேள்வியில் தள்ளிவிடும்போது அது உறைக்கும். சிந்தாமணி 1887இல் அச்சாகி வெளிவந்தது. இடையில் உள்ள ஏழு ஆண்டுகள்தான் புத்தகத்தின் உச்சம். 1942 ஏப்ரலில் அவர் காலமானதால் நூல் முடியாமல் நிற்கிறது. பிந்தைய காலத்துக்கு அவருடைய மாணவர் கி.வா.ஜ. எழுதிய 'என் ஆசிரியப்பிரான்' இருக்கிறது. சுருக்கப் பதிப்பும் விற்பனையில் உண்டு, வாங்குபவர்கள் அத்தியாய எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றிலும் கடினமானது, பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புதான். 1736இலிருந்து 1761வரை, இடையிடையே விடுபட்ட நாட்களோடு. விலை, சரக்கு, கப்பல் வரவு, மரியாதைக்குப் பீரங்கிக் குண்டு போட்ட கணக்கு, யார் யாரைப் பார்க்க வந்தார் என்பதெல்லாம் சம எடையில் கிடக்கும். எது முக்கியம் என்று பிள்ளை சொல்ல மாட்டார், அவருக்கே அன்று தெரியாது. முதல் தொகுதியில் தொடங்காதீர்கள். 1746இல் தொடங்குங்கள். அந்தப் பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரரின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமான கனகராய முதலியார் இறக்கிறார். அந்த இடம் யாருக்கு என்ற போட்டி கிளம்புகிறது. செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடிக்கிறார்கள். பிடித்த கடற்படைத் தளபதி லபூர்தொனேக்கும் கவர்னர் துப்ளேக்ஸுக்கும் சண்டை. நாவல் வாசகருக்கு வேண்டிய இழுவிசை அத்தனையும் அந்த ஒரு வருடத்தில் கிடைக்கும். அடுத்து 1748: புதுச்சேரியை ஆங்கிலேயர் முற்றுகையிட்டதும், அந்த முற்றுகைக்கு நடுவே வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதும்.

சிக்கல் வரும் இடங்கள் இரண்டு. தேதியைத் தமிழ் வருடத்தாலும் மாதத்தாலும் குறிப்பார். விபவ என்றால் 1748 சித்திரையிலிருந்து 1749 பங்குனிவரை. ஆகவே 1749 பிப்ரவரியும் விபவதான். இதைக் கவனிக்காதவர் ஒரு வருடம் தள்ளிப் படித்துவிட்டு, நிகழ்ச்சிகள் முன்பின்னாக இருப்பதாகக் குழம்புவார். இரண்டாவது, பிரெஞ்சுப் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். வாய்விட்டுப் படித்தால் பாதி தெளியும். மீதிக்கு, அட்டையின் உட்புறம் ஒரு தாள் ஒட்டி, பெயரும் பதவியும் எழுதிவையுங்கள். இருபது பெயருக்கு மேல் தேவைப்படாது. பிள்ளை ஒரு கட்சிக்காரர் என்பதையும் மறக்கக் கூடாது. தன்னைப் பிறர் புகழ்ந்ததைத் தாராளமாகப் பதிவு செய்வார், போட்டியாளர்கள் பற்றிய ஊர்ப்பேச்சையும்தான். 1761 ஜனவரி 12இல் அவர் இறந்தார். நான்கு நாளில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது.

இந்தக் காலத்தை வைத்துப் பிரபஞ்சன் எழுதிய 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டையும் நீங்கள் படித்திருக்கக்கூடும். படிக்கவில்லை என்றால் 1746ஆம் ஆண்டுப் பகுதியை முடித்த பிறகே எடுங்கள். நாவலை முதலில் படித்தால் பிள்ளை கதாபாத்திரமாகிவிடுவார், நாட்குறிப்பு அதற்கு அடிக்குறிப்பாகிவிடும்.

நாவலை விடச் சொல்லவில்லை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) உங்களுக்கு நல்ல பாலம், ஏனென்றால் நாவலாக இருந்தும் நாவல் வேகத்துக்கு வராது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து மெடான், பினாங்கு. வட்டிக்கடை மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற வரிசையும், மலாய்ச் சொற்களும், சட்டென்று நினைவோட்டத்துக்குள் போய்விடும் பத்திகளும் முதல் ஐம்பது பக்கத்தில் ஆளைத் தள்ளும். மலாய்ச் சொல்லுக்குப் பொருள் தேடி நிற்காதீர்கள், இரண்டு மூன்று முறை வந்தால் தானே விளங்கும். மலாக்கா நீரிணை வரைபடம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். நாயகன் பாண்டியன் மதுரையை நினைக்கத் தொடங்கும் இடங்களில் மட்டும் வேகத்தைக் குறையுங்கள். சிலப்பதிகாரத்தையும் தமிழ்ப் பெருமையையும் சிங்காரம் கிண்டலடிக்கும் பக்கங்கள் அவசரமாகப் படிப்பவருக்கு உளறலாகத் தெரியும்.

மொழிபெயர்ப்பில் தாராசங்கர் பந்தோபாத்யாயாவின் 'ஆரோக்கிய நிகேதனம்', தமிழில் த.நா. குமாரசாமி. நாடி பிடித்து மரணத்தை முன்கூட்டிச் சொல்லும் கிராமத்து வைத்தியர் ஜீவன் மஷாயும், ஊருக்குப் புதிதாக வந்த ஆங்கில மருத்துவரும். வங்காளத்தில் ஒரே ஆளுக்கு வீட்டுப்பெயர், வெளிப்பெயர், மரியாதைப்பெயர் என்று இரண்டு மூன்று இருக்கும். கதையும் முன்னும் பின்னும் போகும். இங்கேயும் பெயர்த்தாள் ஒன்று வேண்டும்.

மற்றவை சுலபம். சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரியோடு போய் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'யை எந்த வேகத்திலும் படிக்கலாம். தியடோர் பாஸ்கரனின் 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக' சூழலியல் கட்டுரைகள், நாளுக்கு ஒன்று போதும். அறிவியல் புனைவுக்குச் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' இருக்கிறது, விகடன் தொடருக்கே உரிய கொக்கிகளோடு அதுவே உங்களை இழுத்துப் போகும். மற்றது எதுவும் ஓடாத வாரத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்குக் காலையில் குறுந்தொகை இரண்டு பாட்டு, இரவில் 'என் சரித்திரம்' இரண்டு அத்தியாயம். நாட்குறிப்பை இவை பாதியைத் தாண்டும்வரை எடுக்க வேண்டாம். நீங்கள் வாங்கிய தொகுதியில் 1746 இல்லையென்றால் உடனே இன்னொன்று வாங்கவும் வேண்டாம். 1904 முதல் 1928வரை சென்னை அரசு வெளியிட்ட 12 ஆங்கிலத் தொகுதிகள் இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் நூறு பக்கம் பார்த்துவிட்டு, பிடித்தால் தமிழ்த் தொகுதியைத் தேடுங்கள். குறுந்தொகைக்கு மாற்று உரை தேவைப்பட்டால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் உ.வே.சா. உரை முழுதும் இருக்கிறது.

அன்புடன்.